வேலிக்கு இந்தப் பக்க வானம்

"ஏனுங்க அம்மணி, அந்தப் பக்கம் எதுக்குங்க நீலம்? அது அவன் தோப்புங்க."

வானத்துக்கு நீலம் ஏற்றிக்கொண்டிருந்த லோகப்பிரியா மவுஸை விட்டுவிட்டுக் குமாரசாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

கணபதி ஏரியாவில் ஸ்டுடியோ போட்டதிலிருந்து அவள் எத்தனையோ வானங்களைத் தேற்றியிருக்கிறாள். வெளிறிக் கிடக்கும் வானத்தின் உச்சியில் அடர்நீலம் வைத்து, கீழே வர வரக் கரைத்துவிட்டால் எந்தக் கல்யாண வீடியோவும் களைகட்டிவிடும். வானத்துக்குப் பட்டா கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

அவருடைய மகளின் கல்யாண அழைப்பு வீடியோ அது. சாயங்காலம் சொந்தபந்தம் அத்தனை பேருடைய செல்போனுக்கும் போக வேண்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பை ட்ரோனில் எடுத்தபோது பக்கத்துத் தோப்பும் சேர்ந்து விழுந்துவிட்டது. அதை வெட்டினால் மணமக்கள் பெயர் போட இடமில்லை.

இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தன் வீட்டுக் கல்யாணத்தில் அவன் தோப்பு அழகாகிவிடக் கூடாது. குமாரசாமி ஒரே பிடியாக நின்றார்.

லோகப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு ஃபில்டரைப் பக்கவாட்டில் திருப்பினாள். இப்போது அவர் தோப்பு இருக்கும் வலப்பக்கம் கருநீலம், இடப்பக்கம் போகப் போக வெளிறல். இந்தக் கூத்தை வேறு எங்கே போய்ச் சொல்வது?

குமாரசாமி திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தார். வேலியைத் தாண்டி நாலைந்து மரத்துக்கு நீலம் கசிந்திருந்தது. தன் கிணற்றுத் தண்ணீர் அடுத்தவன் வாய்க்காலில் பாய்வதைப் பார்த்தவர் போலப் பதறிப்போனார்.

நீலம் சட்டென்று நிற்காது, மெல்லத்தான் கரையும் என்று அவள் சொன்னது எடுபடவில்லை. வேலியோடு நின்றே ஆக வேண்டுமாம்.

வேலி எங்கே ஓடுகிறது என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினாள்.

பக்கத்துத் தோப்பில், நிழல் எட்டாத இடத்தில், ஓர் ஆள் நின்றிருந்தார். நெற்றிக்கு மேல் கையை வைத்து ட்ரோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாரசாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஆளை அழிக்கச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்து லோகப்பிரியா மறுபடி மவுஸைப் பிடித்தாள்.

"என்ர தம்பிங்க. எப்படி எளைச்சுப் போயிட்டான் பாருங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. அவளுக்குச் சங்கடமாகப் போயிற்று. அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் தலைக்கு மேல மட்டும் ஒரு மேகம் போட்டுடுங்க அம்மணி. வெயில்ல நிக்கறான்."