சவப்பெட்டிக்குச் சுங்கம்

பாலத்தின் அமெரிக்க முனையில் சுங்க அதிகாரி வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். பிறகு ஓட்டிவந்த ரெய்னோவைப் பார்த்தான். மறுபடியும் பின்பக்கத்தைப் பார்த்தான்.

“உள்ள யாராவது இருக்காங்களா?”

“இன்னும் இல்ல,” என்றார் ரெய்னோ.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கொலெட் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரிகளிடம் கணவர் வாயைத் திறந்தால் அவள் அப்படித்தான்.

ஓக் மரச் சவப்பெட்டி. பித்தளைக் கைப்பிடிகள். கனடாக் கரையிலிருந்து மிச்சிகனில் இருக்கும் ட்வெயின் என்பவனுக்குப் போகிறது. மாமியாருக்காகக் கேட்டிருந்தான். மாமியார் நன்றாகத்தான் இருக்கிறாள். ட்வெயின் நம்பிக்கையை விடாதவன்.

“விக்கிற சாமான்னா மதிப்பு சொல்லணும் சார். அத வச்சுத்தான் வரி. என்ன பெறும்?”

“இருநூறு டாலர்.”

“இருநூறா!” கொலெட் கண்ணைத் திறந்தாள். “மூவாயிரம் குடுத்து வாங்கினது. பித்தளை மட்டுமே இருநூறு தாண்டும்!”

ரெய்னோ ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

அதிகாரி பேனாவை மூடினான். “புதுசுன்னா மூவாயிரத்துக்கும் கணக்கு. வண்டியக் கொட்டகைக்கு ஓட்டுங்க, சுங்கத் தரகரக் கூப்பிடுங்க, இன்னிக்கு நடக்காது. பழசுன்னா இங்கயே முடிச்சிடலாம்.”

“பழசுதான்.”

“சவப்பெட்டி எப்படி சார் பழசாகும்? பழசாயிருந்தா மண்ணுக்குள்ளல்ல இருக்கும்?”

நியாயமான கேள்விதான். ரெய்னோ விஷயத்தைச் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் நுரையீரலில் ஒரு கட்டி. கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார் மருத்துவர். ரெய்னோ போய்ப் பெட்டியை வாங்கி வந்து வீட்டின் நிலவறையில் வைத்தார். கிறிஸ்துமஸ் தாண்டியது. ஈஸ்டரும் தாண்டியது. கோடையில் வீட்டிலேயே குளுகுளுவென்று இருப்பது நிலவறைதான். மெத்தை போட்ட பெட்டியைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை. தினமும் மதியத் தூக்கம் அதற்குள்தான்.

அதிகாரி நம்பவில்லை.

ரெய்னோ இறங்கி, டயரில் கால் வைத்து ஏறி, பூட்ஸைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து உள்ளே படுத்தார். தலையணைக் குழியில் தலை அச்சாகப் பொருந்தியது. கைகளை மார்பின்மேல் கோத்துக்கொண்டார்.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரிக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

அதிகாரி குனிந்து பார்த்தான். வெள்ளைச் சாட்டின் துணியில் காப்பிக் கறை. விலா ஓரமாகக் கையை விட்டுத் துழாவினான். பிஸ்கட் தூள், ஒற்றைக் காலுறை, பாதி போட்ட குறுக்கெழுத்து.

“பழசுதான்,” என்று ஒப்புக்கொண்டான்.

“போதும் கிழவா, இறங்கு.” கொலெட் வண்டிக்குள்ளிருந்தே கத்தினாள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “இறங்குன்னா இறங்கு!”

இருநூறுக்கே வரி போட்டான். இரண்டு பேர் காலைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசு. ரசீதோடு கையையும் நீட்டினான்.

“பொழச்சு வந்துட்டீங்க. இனிமே இந்தச் சனியன் எதுக்கு? வித்துத் தலமுழுகுங்க சார்.”

“குதிர மாதிரி இருக்கேன்,” என்று கையைக் குலுக்கினார் ரெய்னோ.

ஊரைத் தாண்டியதும் கொலெட் அவர் பக்கம் திரும்பினாள்.

“அவன்கிட்ட ஏன் பொய் சொன்னே?”

“எனக்கே ஆகஸ்ட்ல வேணும்னு சொன்னா, அப்புறம் ஏன் விக்கிறேன்னு கேப்பான்.”

ஆகஸ்ட் என்று போன திங்கட்கிழமை சொன்னவரும் அதே மருத்துவர்தான். கட்டி திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும்.

இப்போது மே மாதம். ஏரியில் பனி உடைந்துவிட்டது, இனி மீன் பிடிக்கப் போகலாம். ட்வெயினிடம் பணம் இல்லை. பெட்டிக்கு மாற்றாகத் தன் மீன்பிடிப் படகைத் தருவதாகச் சொல்லியிருந்தான், மோட்டாரோடு. ரெய்னோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

கொலெட் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். “அப்ப உன்ன எதுல வச்சுப் புதைக்கிறதாம்?”

“படகு பன்னெண்டு அடி. நான் அஞ்சே முக்கால்தான். மீதி எடம் சும்மாதான் கெடக்கும்.”

சாலை ஏரியை ஒட்டி வளைந்தது. தண்ணீர் தெரிந்தது.

“படகுல முன்பக்கம் எனக்கு,” என்றாள்.