இரண்டாவது வாளி

மேடத்தின் கையிலேயே அது கிழிந்தது. சுவரில் மாட்டுவதற்காக மேல் ஓரத்தைப் பிடித்து லேசாகத்தான் இழுத்தார். கறுப்புப் படுக்கை விரிப்பு ‘டர்’ரென்று இரண்டாகப் போயிற்று.

விரிப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பெரணி இலைகள். வகுப்பில் வேறு யாருக்கும் வராத கைவண்ணம். இன்றைய கண்காட்சியில் தலைமை விருந்தினர் பேசும்போது பின்னால் இதுதான் தொங்க வேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. கீழ் மூலையில் தன் கையெழுத்தைக்கூட நேற்றே போட்டு வைத்திருந்தார். இப்போது அந்தக் கையெழுத்து மட்டும்தான் முழுசாக இருந்தது.

“அந்தக் கந்தல் அக்காவை மேல வரச் சொல்லுங்க!” என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார்.

கந்தல் அக்கா என்பது வகுப்பு அவருடைய முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவசரத்தில் எல்லார் முன்னாலேயும் வந்துவிட்டது. அந்த அம்மாள் செய்த துணி எதுவும் ஒரு சலவையைத் தாண்டியதில்லை.

கறுப்புத் துணியில் ப்ளீச்சைத் தொட்டு வரைந்து, சாயத்தை எடுத்துப் பூவும் கொடியும் கொண்டுவரச் சொல்லித்தரும் வகுப்பு அது. மேடம் அப்படிச் சொல்ல மாட்டார். “நாம சாயத்தை எடுக்கல. துணிக்குள்ள தூங்கற ஒளியை எழுப்பறோம்” என்பார். கழிப்பறை கழுவுகிற அதே ப்ளீச்தான். லேபிளை உரித்துவிட்டு ‘ஒளிநீர்’ என்று எழுதி ஒட்டியதும் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. வாசல் பலகையிலும் மேடத்தின் பெயரைவிடப் பட்டங்கள்தான் நீளம். இடம் போதாமல் கடைசிப் பட்டம் சுவரில் தொடர்ந்தது.

கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் மேலே வந்தார். வழக்கம்போல நேராகப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். எதிரே தெருவோரப் பெஞ்சில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். படிப்பு முடித்த பெண். தினமும் அம்மாவுக்குத் துணையாக வந்து, வகுப்பு முடியும்வரை அங்கேயே காத்திருப்பாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று வகுப்பே மெச்சும்.

“என்னம்மா இது?” மேடம் இரண்டு துண்டையும் தூக்கிக் காட்டினார்.

அந்த அம்மாள் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். “நல்லாவே கிழிஞ்சிருக்கு மேடம்” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி வந்து போயிற்று.

“நல்லாவா? கிண்டல் பண்றீங்களா?”

“ஐயோ, இல்லைங்க. சுவத்துல மாட்ட இது வேண்டாம்னு நேத்தே சொன்னேனே.”

“அடக்கத்துல சொல்றீங்கன்னு நினைச்சேன்!” மேடம் ஓரத்தில் இருந்த வாளிகளைக் காட்டினார். “முதல் வாளி எதுக்கு, ரெண்டாவது வாளி எதுக்கு? சொல்லுங்க பாப்போம்.”

“முதல்ல இருக்கறது ப்ளீச்சு...”

“ஒளிநீர்.”

“சரிங்க, அது. நிறம் விட்டதும் ரெண்டாவது வாளியில முக்கி எடுக்கணும். அதுல இருக்கற மருந்து ஒளிநீரை நிறுத்தும்.”

“முக்கலைன்னா?”

“சாயத்தைத் தின்னு முடிச்சிட்டு நூலையும் தின்னும்.”

“பாடம் தலைகீழாத் தெரியுது. அப்புறம் ஏன் முக்கறதில்லை?”

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தார்.

“கர்ச்சீப் கொண்டுவாங்க, தலையணை உறை கொண்டுவாங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க என்னடான்னா பெட்ஷீட்டு, திரைச்சீலை, பொண்ணோட ஷாலுன்னு வீட்டையே தூக்கிட்டு வர்றீங்க. தொட்டதெல்லாம் கந்தல். அந்தப் பொண்ணு போட்டுக்க ஒரு நல்ல ஷாலாவது மிச்சம் வெச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க மேடம். எல்லாம் முடிச்சிட்டேன்.”

“நல்ல தாய்!” மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். “போதும்மா. நாளையிலேருந்து வகுப்புக்கு வராதீங்க. உங்களால என் பேருதான் நாறுது.”

அதுவரை கல் மாதிரி நின்ற அந்த அம்மாள் பதறிப்போனார். மேடத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அப்படி மட்டும் சொல்லிடாதீங்க மேடம். இன்னும் ரெண்டு திரைச்சீலை பாக்கி இருக்கு. நீங்க குடுத்த வீட்டுப்பாடம்னு சொன்னாத்தான் அவ எதுவும் கேக்காம எடுத்துக் குடுக்கறா. வகுப்பு இல்லைன்னா நான் என்னன்னு சொல்லுவேன்?”

கீழே கார் வந்து நின்ற சத்தம். மேடம் கையை உதறிக்கொண்டு இரண்டு துண்டையும் அவசர அவசரமாகச் சுவரில் குத்தினார். நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டுத் தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே பிடித்துவிட்டது.

“பரவாயில்லை. ‘பிரிவு’ன்னு தலைப்பு வெச்சிடலாம். அழுத்தமா இருக்கும்” என்றார். தலைப்பு கிடைத்ததில் கோபம் பாதி இறங்கியிருந்தது. முடியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

“சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இவ்வளவு அழகா வரையத் தெரிஞ்ச கை, எதுக்காகத் துணியை இப்படி மக்க விடுது?”

பெஞ்சில் இருந்த மகள் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகச் சிரித்துக் கையசைத்தார். அவள் மறுபடி தலையைக் குனிந்துகொள்ளும்வரை அசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, திரும்பாமலே, மெதுவாகச் சொன்னார்:

“வீட்டுல இருக்கற எந்தத் துணியும் என் பொண்ணோட எடையைத் தாங்கக் கூடாது, மேடம்.”