டவல் பார்ட்டி

"அந்த ஆளுக்கு மட்டும் குடுத்துடாத. அவன் டவல் பார்ட்டி" என்றார் அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, ஊழியக் குழுவின் தலைவர். வருடம் தவறாமல் ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து போகிறவர். இந்த முறை குழுவிலேயே சின்னவன், கல்லூரி முடித்த கையோடு முதன்முதலாக விமானம் ஏறிய ஒரு பையன். அவனுக்கு அண்ணன் வைத்த பெயர் கத்துக்குட்டி. உலகத்தையே திருத்திவிடலாம் என்று வந்தவனுக்குக் கிடைத்ததெல்லாம் நாற்காலி துடைப்பதும் மைக் ஒயர் சுற்றுவதும்தான். கடைசி நாளான இன்றைக்குத்தான் அண்ணன் மனசு இளகினார்.

"ஒருத்தருக்காவது நீ ஞானஸ்நானம் குடு. ஊருக்குப் போனா சபையில எழுந்து நின்னு சாட்சி சொல்ல ஏதாவது வேணும்ல" என்று அவனைத் தொட்டியில் இறக்கிவிட்டிருந்தார்.

ஜெபக்கூடத்தின் பின்பக்கம் சிமெண்ட் தொட்டி, இடுப்பளவு தண்ணீர். கத்துக்குட்டி உள்ளே நின்று வெடவெடத்துக்கொண்டிருந்தான். குளிரா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஞானஸ்நான முழுக்கு எடுக்க வந்திருந்ததோ ஒரே ஒருவர். காதோரம் நரைத்தவர், தோளில் ஒரு துண்டு. அவர்தான் டவல் பார்ட்டியாம்.

"அப்படின்னா என்னண்ணே?"

"முழுக்கு எடுத்தா நாம டவலும் வெள்ளைச் சட்டையும் குடுக்கறோம்ல. அதுக்காகவே வந்து முங்கறான். போன வருஷம் ஒரு பேர் சொன்னான். அதுக்கு முந்தின வருஷம் வேற பேர். ரெண்டு தடவையும் என் கையாலதான் குடுத்தேன், கூட்டத்துல மூஞ்சியக் கவனிக்கல. இப்ப மாட்டிக்கிட்டான்."

அந்த மனிதர் காதில் விழுந்தும் கோபப்படவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"இந்த ஒரு தடவை குடுத்துடுங்கய்யா. இனிமே வரவே மாட்டேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். சட்டை வேணும்னா வாயைத் திறந்து கேளுங்க, சும்மாவே தர்றேன்."

"சட்டை வேணாங்கய்யா. முழுக்குதான் வேணும்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் அவர் போன் அடித்தது. "ஆளை அனுப்பிட்டு நீயும் ஏறு, போதும்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி முன்பக்கம் போய்விட்டார்.

ஏமாற்றுக்காரர் நழுவிவிடுவார் என்று கத்துக்குட்டி பார்த்தான். மனிதர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவனுக்கு மண்டை காய்ந்தது. டவலுக்காக வருகிறவர் எதற்குச் சொந்தமாகத் துண்டு கொண்டுவர வேண்டும்? இலவசமாகத் தருகிற சட்டையை எதற்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? சரி, பக்தி முற்றிப்போன ஆளோ என்றால் அப்படியும் தெரியவில்லை. ஜெபத்தின்போது கொட்டாவி விட்டவர் அவர்.

"நாளைக்குக் கிளம்பிடுவீங்களா தம்பி?"

"காலையிலேயே போறோங்க."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் நிக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். குரல் உடைந்துவிட்டது.

"உங்க ஊர்ப் போதகர்கிட்டயே கேக்கலாமே?" என்றான் கத்துக்குட்டி.

"கேட்டுப் பார்த்தேன். உனக்குக் குடுத்தாச்சு, போய்யான்னுட்டாரு."

போதகர் சொன்னது நியாயம்தானே என்று கத்துக்குட்டிக்குத் தோன்றியது. ஒருவருக்கு எதற்கு இத்தனை முழுக்கு? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் எதிரில் ஒரு பெரிய மனிதர் கண் கலங்கி நிற்கிறார், தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, அண்ணன் போனில் இருக்கிறார். கொடுத்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

"சீக்கிரம் இறங்குங்க" என்றான்.

மனிதர் துண்டைக் கீழே வைத்துவிட்டு, பழகிய வீட்டுப் படியில் இறங்குவதுபோல இறங்கி வந்தார். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டார். இவனுக்குத்தான் எந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இடது கையை என் முதுகுல குடுங்க தம்பி. வலது கையால மூக்கைப் பிடிங்க. ஆங், அப்படித்தான். கால் வழுக்கும், அகட்டி நில்லுங்க."

யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்றே கத்துக்குட்டிக்குக் குழம்பிவிட்டது. ஒருவழியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்துவைத்திருந்ததை ஆரம்பித்தான்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

மனிதர் முன்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார். அவன் காதருகே குனிந்து ஒரு பெயரைச் சொன்னார். அது ஒரு பெண்ணின் பெயர்.

"இல்லைங்க, உங்க பேரு" என்றான் கத்துக்குட்டி.

"நான் என்னைக்கோ எடுத்துட்டேன் தம்பி. எடுக்காதவங்க பரலோகத்துக்கு உள்ள போக முடியாதுன்னு உங்க அண்ணன்தானே பிரசங்கம் பண்ணாரு. வேன் கவுந்து என் பொஞ்சாதி, பிள்ளைங்க நாலு பேரும் ஒண்ணாத்தான் போனாங்க. அவங்கம்மா ஏற்கெனவே எடுத்தவ, உள்ள போயிருப்பா. பிள்ளைங்க மூணும் வாசல்லயே நின்னுடுச்சுங்க. பெரியவன் பேர்ல நான் முங்கி அவனை முதல்ல உள்ள அனுப்பிட்டேன். போன வருஷம் நடுவுல உள்ளவனை அனுப்பினேன். இவ ஒருத்திதான் இன்னும் வெளியில நிக்கிறா."

கண்ணை மூடிக்கொண்டு அவன் கையில் சாய்ந்தார்.

"நாலு வயசு தம்பி, தண்ணின்னா அவளுக்குப் பயம். மெதுவா முக்குங்க."