பிறந்த நேரம்

பனியன் கம்பெனியில் செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு சுவர்க் கடிகாரம். காலையில் அது முந்தும், சாயங்காலம் பிந்தும். சூப்பர்வைசர் தங்கவடிவேல் ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்புவதை எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு குனிந்து தைப்பார்கள். அப்படிக் கூடுதலாகத் தைக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

ஒரு சாயங்காலம், தைத்துக்கொண்டிருந்த நிறைமாதப் பூங்கோதைக்கு வலி கண்டது. வண்டி வருவதற்குள் துணிக்கட்டுகளின் மேலேயே பெண் குழந்தை பிறந்தது. யாரோ கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, அஞ்சே முக்கால் என்றார்கள்.

ஜோசியர் சரியான நேரம் வேண்டும் என்றார். பூங்கோதை குழந்தையோடு கம்பெனிக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, அன்னிக்கு முள்ளை எவ்வளவு பின்னால தள்ளி வெச்சிருந்தீங்க? வேற எதுக்குமில்லீங்க. இவளுக்கு ஜாதகம் எழுதோணும்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தங்கவடிவேல் குழந்தையைப் பார்த்தார். நின்றுபோன மிஷின்களையும் பார்த்தார்.

"கடிகாரம் சரியாத்தான் ஓடுதும்மா."

"சரிங்ணா. அப்ப அஞ்சே முக்கால்னே எழுதச் சொல்லீர்றேன்."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஸ்டூல் கடிகாரத்துக்குக் கீழேயே கிடந்தது.