கடிதத்தின் கடைசி வரி

ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் வடிகட்டியை நர்ஸ் ஒன்பதாவது முறையாகக் கழுவி மாட்டினாள். புதிது கேட்டு எழுதியதற்கு அயல்நாட்டு அரசு அலுவலகத்திலிருந்து வழுவழுப்பான தாளில் பதில் வந்திருந்தது.

“படிம்மா,” என்றார் கட்டிலில் கிடந்த வாத்தியார்.

“‘உங்கள் ஆட்சியாளர் மக்களை வதைப்பதால் தடை விதித்துள்ளோம். ஆகவே வடிகட்டி அனுப்ப அனுமதியில்லை. உங்கள் மக்களின் நலனே எங்கள் உயிர்மூச்சு.’”

“மூச்சு அவங்களுக்கு, முட்டறது நமக்கா?”

“ஆட்சியாளர் வீட்டுக்குப் போன வாரம்தான் புது மிஷினே வந்து இறங்கிச்சாம், ஐயா.”

“அவருக்கு எந்தக் கதவைச் சாத்துவாங்க? சரி, இது இன்னும் எத்தனை தடவை தாங்கும்?”

“ரெண்டு தடவை தாங்கினா பெரிசு.”

“கடைசியில இன்னொரு வரி தெரியுதே?”

“மரியாதைக்கு வணக்கம் போட்டிருக்காங்க, ஐயா,” என்று சொல்லிக் கடிதத்தை மடித்துப் பையில் செருகிக்கொண்டாள்.

அவர் கண்ணயர்ந்த பிறகு அந்த வரியை மறுபடி படித்தாள்: ‘உண்மை பேசியதற்காகச் சிறையில் வாடும் அந்த ஆசிரியரின் உயிரைக் காக்கவே இந்தத் தடை.’

கடிதத்தைக் கசக்கி, அழுக்குப் பஞ்சு போடும் வாளியில் எறிந்தாள். பிறகு நல்ல பஞ்சாகக் கொஞ்சம் எடுத்து, வாத்தியாரின் காலைக் கட்டிலோடு பிணைத்திருந்த விலங்கு உறுத்தாதபடி அதனடியில் மெதுவாகச் செருகினாள்.