தண்ணீர் தெளிக்காத தோசைக்கல்

அந்த டிபன் கடையில் கவுண்டர் மேசையில் இருந்த அழைப்பு மணிதான் மேனேஜர். அது அடித்தால் தோசை வந்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் தண்ணீர் தெளித்துத் துடைத்தால்தான் தோசைக்கல்லின் சூடு தணியும்.

"அந்தத் தண்ணி வேலையெல்லாம் இனிமே வேண்டாம். நேரம் வீணாகுது," என்றது மணி.

"மாவு ஒட்டிக்கும் சார்," என்றது கல்.

"எதிர்த்துப் பேசாதே."

கல் பல்லைக் கடித்துக்கொண்டு காய்ந்தது. தோசை ஒட்டியது, கருகியது, பிய்ந்து பிய்ந்து இலைக்குப் போனது. மணி மட்டும் விடாமல் அடித்தது. ஒரே வாரத்தில் சாப்பிட வந்தவர்கள் எல்லாம் எதிர்க்கடைக்கு நடந்தார்கள்.

"உன்னாலதான் வியாபாரம் படுத்துடுச்சு," என்று மணி கத்தியது.

கல்லுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "மிச்சம் பிடிச்ச நேரமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு சார்? அதை ஊத்துங்க, தோசையா சுட்டுத் தர்றேன்."