பழசுதான் வேணும்

"இது வேணாம் மகன். எனக்குப் பழசுதான் வேணும்."

மீராசா ஹாஜியார் இப்படிச் சொல்வது மூன்றாம் தடவை. கொம்பியூட்டர் திருத்த வந்த அஹ்ஸனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காலையிலிருந்து அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஹாஜியாரின் நெல் ஆலையில் தராசோடு இணைத்திருந்த கொம்பியூட்டர் மக்கர் பண்ணுகிறது, உடனே வா என்று போனில் கோல் வந்தது. அறுவடைக் காலம். முற்றத்தில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையில் அஹ்ஸனின் வாப்பா முகைதீன்பாவாவும் தன் நெல் மூடைகளின் மேல் குந்திக்கொண்டு, இன்னுமா முடியவில்லை என்று மகனைக் கண்ணாலேயே குடைந்துகொண்டிருந்தார்.

கோளாறு என்னவென்று பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. கள்ளனைப் பிடிக்கவென்று ஆலையில் கணக்கெழுதும் கிளாக் கிசோக் புதிதாக ஒரு கமரா புரோகிராம் போட்டிருந்தான். அது தான் ஓடுவதற்கு ரன்டைம் என்கிற அடிப்படை மென்பொருளின் புதிய பதிப்பையும் கையோடு கூட்டி வந்திருந்தது. தராசுப் புரோகிராம் பழைய பதிப்பில் ஓடிப் பழகியது. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். புதியது உள்ளே வந்து பழையதை வெளியே தள்ளிவிட்டது. தராசு திறக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

புதியதைக் கழற்றினால் கமரா படுத்துக்கொண்டது. இரண்டையும் வைத்தால் இரண்டும் படுத்துக்கொண்டன. கடைசியில் புதியதோடு ஒத்துப்போகிற வேறொரு தராசுப் புரோகிராமைத் தேடிப் பிடித்துப் போட்டான் அஹ்ஸன். தானே தராசில் ஏறி நின்றும் பார்த்தான். அறுபத்தெட்டு கிலோ. போன கிழமை கிளினிக்கில் காட்டிய அதே நிறை. ஒரு குண்டுமணி பிசகில்லை.

அதைத்தான் வேண்டாம் என்கிறார் மனிதர்.

"பழசப் போட்டா கமரா வேல செய்யாது ஹாஜியார்."

"கமரா போனாப் போகுது."

கள்ளனைப் பிடிக்க வாங்கிய கமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கிழட்டுப் புரோகிராமுக்கு ஏன் இந்த மனிதர் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறார்? கிசோக்கிடம் கேட்டான். அது கடையில் வாங்கியதில்லை, ஹாஜியார் கொழும்பில் ஆள்பிடித்துத் தனக்கென்று எழுதுவித்தது என்றான் அவன்.

அஹ்ஸனுக்குச் சுருக்கென்றது.

மூடைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று அடிக்கிற ஆலைகளைப் பற்றி அவன் கேள்விப்படாதவனல்ல. ஆனால் இவர் பள்ளிவாசலில் முதல் சப்பில், இமாமுக்குப் பின்னால் முன்வரிசையில் தொழுகிறவர். நிறுவையில் மோசம் செய்யாதீர்கள் என்று ஜும்ஆவில் சொல்லுங்கள் என மௌலவியிடம் கேட்டுக்கொண்டவரும் இவர்தான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அதைவிட வாப்பாவை நினைக்கத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு போகம் வெள்ளத்தில் போய், மிஞ்சியதை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நோன்புக்குப் பள்ளியிலிருந்து வந்த அரிசிப் பையைக்கூட, நம்மை விடக் கஷ்டப்பட்டவனுக்குக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிய மனிதர். வழியில் எத்தனையோ ஆலை இருக்க, மீராசாவின் தராசுதான் தராசு என்று இங்கேயே வந்து விழுகிறவர். அவருடைய நெல்லிலா கை வைக்கிறாய்?

இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று கறுவிக்கொண்டே புதியதைக் கழற்றினான். பழையதைப் போட்டான். கமரா அணைந்தது, தராசு எழும்பியது. கீபோர்டைக் கிசோக்கிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் தராசில் ஏறி நின்றான்.

"இப்ப என்னய நிறுத்துப் பாரு. எல்லாருக்கும் கேக்க வாசி."

"எத்தின மூடை எண்டு கேக்குது அண்ணன்."

"ஒண்டு எண்டு போடு."

அறுபத்தாறு என்று வரும், வந்ததும் முற்றத்தில் நிற்பவர்களைக் கூட்டி நாலு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்தான்.

"எழுபது," என்றான் கிசோக்.

அஹ்ஸன் இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

"எழுபதுதான் அண்ணன்."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஹாஜியார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். தப்புச் செய்து அகப்பட்டவர் போல முற்றத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்ச மூடை கொண்டு வாறவங்களுக்கு மட்டும் மூடைக்கு ரெண்டு கிலோ கூட்டிக் காட்டும் மகன். ஒங்கட வாப்பாட கையில குடுத்தா வாங்குவாரா? நிறையில போட்டாத்தான் வாங்குவார். அல்லாஹ்வுக்காக இந்தக் கதைய வெளியில விட்டுராத."

அஹ்ஸனுக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாயிருந்தது. தராசை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றான்.

வரிசை நகர்ந்தது. வாப்பாவின் மூடைகள் ஒவ்வொன்றாக ஏறின. கிசோக் நிறையை வாசிக்க வாசிக்க வாப்பாவின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. மகனை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியா நம்மட நெல்லுட கனத்த? மத்த ஆலைக்காரனெல்லாம் கள்ளனுகள். இதுதான்டா நீதியான தராசு."

"ஓம் வாப்பா," என்றான் அஹ்ஸன். "நானும் ஏறிப் பாத்தன்."